விடுமுறையில் ஒரு கப்பல் பிரயாணம்

நம் வைகை ஆறு பெரும்பாலான ஆண்டுகளில் கடலைப் போய்ச் சேருவதில்லை. அதன் தண்ணீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. மதுரைப் பெண்களாகிய நாமும் ஏறக்குறைய அப்படித்தான். தெப்பக்குளத்துத் தெப்பத்தையும் கொடைக்கானல் ஏரிப் படகையும் அறிவோம்; இராமேசுவரத்துக்கோ வேளாங்கண்ணிக்கோ போனால் அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவோம். அதற்கு அப்பால் கடல் நமக்குப் புவியியல் பாடம்தான். வங்காள விரிகுடாப் பாடம் நடக்கும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், நம்மைப் போன்றவர்கள் கப்பலில் போக முடியுமா?” என்று கேட்காமல் இருந்ததில்லை. முடியும் என்பதே பதில். எப்படி, எப்போது, என்னென்ன ஏற்பாடுகளோடு என்பதை மாணவியரும் பெற்றோரும் சேர்ந்து படிக்கும்படி இங்கே எழுதுகிறோம்.

நம் முன்னோருக்குக் கப்பல் புதிதன்று. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னாரில் இறங்குவது சாதாரணமாக இருந்தது. அதற்கும் முன்னே, 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டதை எல்லோரும் படித்திருக்கிறோம். மலேயாவுக்குச் சென்றவர்களுக்கு ‘ரஜூலா’. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. எம் மாணவி ஒருத்தியின் பாட்டியார் சிறுமியாக இருந்தபோது நாகப்பட்டினத்தில் அதில் ஏறியவர். கப்பல் கரைக்கு வராதாம். தூரத்தில் நங்கூரமிட்டு நிற்குமாம். படகில் போய், ஆடுகிற ஏணியில் ஏற வேண்டுமாம். “ஏறும்போது அழுதேன், இறங்கும்போதும் அழுதேன், நடுவில் மட்டும் ஒரே சந்தோஷம்” என்று அவர் சொன்னதை மாணவியர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இன்று நமக்குத் திறந்திருக்கும் வாசல்கள் மூன்று. முதலாவது, நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குச் செல்லும் சிறு பயணிகள் கப்பல். தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஆகவே 111 கிலோமீட்டர். சுமார் நான்கு மணி நேரத்தில் அக்கரை! இரண்டாவது, சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் அரசுக் கப்பல். எம்.வி. நான்கௌரி, எம்.வி. நிக்கோபார், எம்.வி. சுவராஜ் தீப் முதலியவை இந்த வழியில் ஓடிப் பெயர் பெற்றவை. ஏறத்தாழ 1,190 கிலோமீட்டரைக் கடக்க இரண்டரை நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். மூன்றாவது, சொகுசுக் கப்பல். ‘எம்ப்ரஸ்’ என்ற கப்பல் 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து இப்படிப் புறப்பட்டது. 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குச் சென்றது. நீச்சல் குளம், நாடக அரங்கு எல்லாம் உள்ள மிதக்கும் ஓட்டல் அது. சூதாட்டக் கூடமும் உண்டு. அதைப்பற்றி இந்த மலரில் நாம் அதிகம் எழுத வேண்டியதில்லை. வசதியுள்ளவர்கள் போகட்டும். ஆனால் நடுத்தரக் குடும்பம் ஒன்று பிள்ளைகளையும் பாட்டி தாத்தாவையும் அழைத்துக்கொண்டு, கடல் என்றால் என்ன என்று உண்மையிலேயே அறிந்து வர விரும்பினால், அந்தமான் கப்பலையே நாம் சிபாரிசு செய்வோம். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அதற்கே உரியது. மற்ற இரண்டுக்கும் பொருந்துவதும் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னே தீர்மானிக்க வேண்டியது, எந்த மாதத்தில் போவது என்பது. இதில்தான் பல குடும்பங்கள் தவறுகின்றன. லீவு எப்போது என்று பார்க்கிறார்களே தவிர, கடல் எப்போது அமைதியாக இருக்கும் என்று பார்ப்பதில்லை. நம் பள்ளிக்கூடக் காலண்டர் கடலுக்குத் தெரியாது! திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். நோன்பு நாள் கடந்துவிட்டது, இனிக் கடலில் போவது ஆபத்து என்று புனித பவுல் எச்சரித்தார். நூற்றுவர் தலைவனோ கப்பலோட்டியின் பேச்சையும் கப்பல் உரிமையாளரின் பேச்சையும் நம்பினான். பதினான்கு நாள் புயலில் அலைந்து, மால்டா தீவுக்கருகே கப்பல் உடைந்தது. அதிலிருந்த 276 பேரும் உயிர் பிழைத்தது இறைவனின் அருள். பருவம் தப்பிப் புறப்பட்டதோ மனிதரின் அவசரம். புனித சவேரியார் 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறினார். சாதகமான காற்று தவறிப்போனதால் மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்கி, 1542 மே மாதம்தான் கோவா சேர்ந்தார். 1606இல் நம் மதுரைக்கு வந்த தத்துவ போதகராகிய ராபர்ட் தெ நோபிலி அடிகளாருக்கும் வரும் வழியில் மொசாம்பிக் அருகே கப்பல் சேதம் நேர்ந்தது.

பாய்மரக் காலம் போய்விட்டது, இப்போது எஞ்சின் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கே சென்றுகொண்டிருந்த ரயிலே பயணிகளோடு கடலில் போயிற்று. அது அரையாண்டு விடுமுறைக் காலம், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள் முந்தி. நம் நாளிலும் பாருங்கள்: 2023 அக்டோபர் 14இல் கோலாகலமாகத் தொடங்கிய நாகப்பட்டினம் கப்பல் சில நாட்களிலேயே பருவநிலையால் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டு 16இல் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கி, வடகிழக்குப் பருவமழையில் மறுபடி நின்று, 2025 பிப்ரவரியில்தான் திரும்ப ஓடியது. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கிறிஸ்துமஸ் லீவு எவ்வளவு வசதியாக இருந்தாலும், கப்பலுக்கு வேண்டாம். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் ஆகியவையே வங்காள விரிகுடா சாந்தமாக இருக்கும் மாதங்கள். மே நடுவில் அந்தமானில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். மே மாதத்தில் புயலும் வருவதுண்டு. பள்ளிக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏப்ரல் பின்பாதியும் மே முதல் வாரமும்தான் தோது. ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு புறப்பட வேண்டும். பத்து நாள் அத்தை வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்றால் நடக்காது.

மாதம் தெரிந்துவிட்டால் அடுத்தது காகிதங்கள். அந்தமானுக்கு நம்மவர்க்குப் பாஸ்போர்ட் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை, கைக்குழந்தைக்கும் அதன் சான்று, அவ்வளவுதான். இலங்கைக்குப் பாஸ்போர்ட்டும் அந்நாட்டுப் பயண அனுமதியும் வேண்டும். மதுரையிலேயே பாஸ்போர்ட் அலுவலகம் இருப்பது நம் பாக்கியம். ஒன்றை மட்டும் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள்: பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து ஆண்டு செல்லும், பிள்ளைகளுடையது ஐந்தே ஆண்டுதான், அதற்குள் பதினெட்டு வயது நிரம்பினால் அதுவரைதான். நாலாம் வகுப்பில் எடுத்த பாஸ்போர்ட் பத்தாம் வகுப்பில் உதவாது. பயணத் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகிறதா என்று பொங்கல் சமயத்திலேயே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தமான் கப்பல் மாதத்தில் ஒரு சில தடவைதான் புறப்படும். தேதிகளை அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறை அவ்வப்போது அறிவிக்கும். அறிவித்த தேதி ஒரு நாள் முன்பின் ஆவதும் உண்டு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடிகாலை எழும்பூரில் இறங்கி அன்றே கப்பலேறலாம் என்று கணக்குப் போடுவது கூடாது. முதல் நாளே சென்னைக்குப் போய்த் தங்க வேண்டும். திரும்பி வந்த பிறகும், பள்ளி திறப்பதற்கோ அப்பா அலுவலகம் போவதற்கோ இடையில் மூன்று நாளாவது இடைவெளி இருக்கட்டும். திரும்பும் பயணம் ஆகாய விமானத்தில் என்றால் செலவு கூடும். ஆனால் வயதானவர்களுக்கு ஒருவழி கப்பலே போதுமானது என்பது நம் அபிப்பிராயம்.

எங்கே படுப்பது என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கவனிக்க வேண்டும். கப்பலில் ‘பங்க்’ என்னும் வரிசைப் படுக்கைகளும், நால்வர் ஆறுபேர் சேர்ந்து தங்கும் அறைகளும், இருவர் தங்கும் கேபின்களும் உண்டு. பங்க் மிகவும் மலிவு. இளைஞர்களுக்கு அது ஒரு திருவிழா. பெண் குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பம் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்து, கதவு பூட்டக்கூடிய அறை எடுப்பதே நல்லது. அதிலும் இடம் முக்கியம். விளையாட்டு மைதானத்து ஏற்றப்பலகையை நினைத்துப் பாருங்கள். இரு முனைகளும் ஏறி இறங்கும், நடுப்பகுதி அசையாது. கப்பலும் அப்படியே. முன்கோடியிலும் பின்கோடியிலும் ஆட்டம் அதிகம். உயரப் போகப் போகச் சாய்வு அதிகம். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கிடைத்தால் அதுவே பாட்டிக்கு உகந்த இடம். ஜன்னல் இல்லையே என்று வருந்த வேண்டாம். பார்ப்பதற்கு மேல்தளம் இருக்கிறது. பாட்டிக்கும் தாத்தாவுக்கும் கீழ்ப்படுக்கை; மேல்படுக்கை பிள்ளைகளுக்கு.

மூட்டைமுடிச்சு விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குக் கை தாராளம். கப்பலில் ஏணிப்படிகள் குறுகலானவை, இரும்பாலானவை. தூக்கமுடியாத பெட்டி வேண்டாம். மூன்று நாளைக்கு வேண்டியதை ஒரு சிறு பையில் தனியே வைத்துக்கொண்டு, மற்றதைப் படுக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம். வழுக்காத ரப்பர் செருப்பு, மேல்தளக் குளிர்காற்றுக்கு ஒரு கம்பளி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் இரண்டு பங்கு. சேலையும் தாவணியும் கடற்காற்றில் கொடியாகப் பறக்கும், படியில் காலைத் தடுக்கும். கப்பலில் இருக்கும்வரை சுடிதார் சௌகரியம். சேலைதான் உடுப்பேன் என்னும் பெரியவர்கள் பின் குத்திக்கொள்ளட்டும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் முதல் நாளைக்குப் போதும். பிறகு கப்பல் சாப்பாடு இருக்கிறது. மின்சாரக் கெட்டில், தண்ணீர் காய்ச்சும் கம்பி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைக் கண்டிப்பாக எடுத்துப் போகாதீர்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் மாண்டனர். அத்துடன் அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றுவதே நின்றுபோயிற்று. கடலில் தீயைப் போல் கொடியது வேறில்லை.

இனிக் கடல்மயக்கம். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். நம் உட்செவியில் உடலின் சமநிலையை உணர்த்தும் சிறு குழாய்கள் உள்ளன. உடல் ஆடுகிறது என்று காது சொல்கிறது. அறைச் சுவரைப் பார்த்திருக்கும் கண்ணோ, எதுவும் ஆடவில்லை என்கிறது. இந்த இரண்டு சாட்சிகளும் மாறுபடுவதால்தான் தலைசுற்றலும் குமட்டலும். ஆகையால் கண்ணையும் காதோடு ஒத்துப்போகச் செய்வதே பரிகாரம். மேல்தளத்துக்குப் போய்த் தூரத்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு, காற்றுப்பட உட்கார வேண்டும். புத்தகமும் கைபேசியும் அப்போது ஆகாது. மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கினால், அதைக் கப்பல் ஏறுமுன்பே சாப்பிட வேண்டும். வாந்தி தொடங்கியபின் மாத்திரை வயிற்றில் நில்லாது. இஞ்சி மரப்பாவும், நம் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாயும் கையோடு இருக்கட்டும். ரஜூலாவில் போன அந்தப் பாட்டியார் தம் தாயார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த நார்த்தங்காயைத்தான் இன்றும் புகழ்கிறார். வாந்திக்குப் பயந்து பட்டினி கிடப்பது தவறு. வெறும் வயிறு இன்னும் அதிகமாகப் புரட்டும். புயலில் பதினான்கு நாள் உண்ணாதிருந்தவர்களை உணவு கொள்ளும்படி புனித பவுல் வற்புறுத்தியது நினைவிருக்கிறதல்லவா? எண்ணெய்ப் பலகாரத்தை விட்டு, ரொட்டியோ தயிர்சாதமோ கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். பெரும்பாலோருக்கு இரண்டாம் நாள் உடல் பழகிவிடும்.

கப்பல் கிளம்பியவுடனோ அதற்குச் சற்று முன்னோ ஒரு பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். படம் பிடிக்கிற அவசரத்தில் பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். 2012 ஜனவரி 13இல் இத்தாலிக் கரையோரம் ‘கோஸ்தா கன்கார்டியா’ என்ற பெரிய உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தனர். அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு ஒத்திகையே நடக்கவில்லை. புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது அப்போதைய விதி. அதன் பிறகே, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டு, 2015 முதல் அமலுக்கு வந்தது. ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அது அபாய அறிவிப்பு என்பதை மாணவியர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நமக்குரிய உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, அதன் பட்டையை எப்படிக் கட்டுவது, எந்த இடத்தில் கூட வேண்டும் என்பவற்றைக் குடும்பத்தோடு ஒருமுறை நடந்தே பார்த்துவிடுங்கள். குழந்தைக்கு ஏற்ற சிறிய அங்கி இல்லாவிட்டால் ஊழியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பிடிக் கம்பிமேல் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுக்கும் தந்தைமாரை என்ன சொல்வது!

இவ்வளவும் ஆனபின் மிச்சமிருப்பது இன்பம்தான். கரை மறைந்த சில மணி நேரத்தில் கைபேசிகள் ஓய்ந்துவிடும். சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர், அதாவது நன்றாக மிதித்த சைக்கிளின் வேகம். அந்த நிதானத்திற்கு மனம் பழக ஒரு நாள் பிடிக்கும். நீரிலிருந்து எழும்பி வெள்ளித் தகடுபோல் பறந்து விழும் பறவை மீன்களைக் காணலாம். அதிர்ஷ்டம் இருந்தால் ஓங்கில்களும் துணைக்கு வரும். அமாவாசையை ஒட்டிய நாட்களில் இரவு மேல்தளத்தில் தெரியும் நட்சத்திரங்களை மதுரை வானத்தில் பார்க்கவே முடியாது.

கணக்கில் ஆசையுள்ளவர்களுக்கு அங்கே வேலையும் உண்டு. நீர்மட்டத்துக்கு மேல் நம் கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். உயரம் 16 மீட்டர் என்றால் வர்க்கமூலம் 4. அடிவானம் 14 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அத்தனை பெரிய வட்டத்தின் நடுவில் நாம் நிற்கிறோம்! சூரியனையும் கவனியுங்கள். மதுரை கிழக்குத் தீர்க்கரேகை 78.1 பாகையில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் ஏறத்தாழ 92.7இல். வித்தியாசம் 14.6, பாகைக்கு 4 நிமிடமாக 58 நிமிடம். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றே, ஆனால் சூரியன் அங்கே ஏறத்தாழ ஒரு மணி முந்திக்கொள்வான். ஒவ்வொரு நாளும் உதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால், கப்பல் கிழக்கே நகர்வதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஒரு சங்கதியை மாணவியரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். விடுமுறை என்றால் வீட்டில் யாருக்கு விடுமுறை? ரயிலிலும் சரி, சத்திரத்திலும் சரி, டிபன் பிரிப்பதும் துணி உலர்த்துவதும் பாட்டிக்கு மாத்திரை கொடுப்பதும் அம்மாவின் வேலையாகவே இருக்கிறது. கப்பலிலும் அப்படியே நடந்தால், மூன்று நாளும் அவர் கண்ணில் படுவது அறையின் இரும்புச் சுவர்தான். சாப்பாட்டு வரிசையில் நிற்பது அண்ணனுக்கு, பாட்டிக்குத் துணை காலையில் அக்காளுக்கு, மாலையில் தங்கைக்கு, பெட்டியும் தண்ணீர்க் குப்பியும் அப்பாவுக்கு என்று மதுரையிலேயே ஒரு தாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சூரிய உதய நேரத்தில் அம்மாவின் பெயருக்கு நேரே எந்த வேலையும் இருக்கக்கூடாது. பெற்றோர்களில் தந்தைமார் இதைப் படித்துச் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் சரி.

அந்தமானில் பார்க்க வேண்டியவற்றைப் பற்றிப் பல புத்தகங்கள் உள்ளன. செல்லுலார் சிறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏழு கிளைகளாகக் கட்டப்பட்டதில் மூன்றே இன்று நிற்கின்றன. தமிழ் பேசுவோர் அங்கே நிறைய உண்டு, பாஷைக் கவலை வேண்டாம். கப்பலில் பூசை இராது. இடையில் ஞாயிறு வந்தால் மேல்தளத்தில் குடும்பமாகச் செபமாலை சொல்லலாம். இறங்கியபின் போர்ட் பிளேர் மேற்றிராசனத்தின் பேராலயத்துக்குப் போகலாம். கடலின் விண்மீனாகிய நம் அன்னையின் பெயரால் ‘ஸ்டெல்லா மாரிஸ்’ என்றே அது அழைக்கப்படுகிறது.

கரையில் இறங்கியதும் தரை ஆடுவதுபோல் தோன்றும். பயப்பட வேண்டாம், கடலுக்குப் பழகிய காது நிலத்துக்குத் திரும்ப ஓரிரு நாள் எடுத்துக்கொள்கிறது. அன்று வாடகை ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம், செங்குத்தான படி ஏற வேண்டாம். ஓர் இளநீர் குடித்துவிட்டு, கோவில் பெஞ்சிலோ கடற்கரைத் திண்ணையிலோ சற்று உட்கார்ந்து, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திருங்கள்.